ஒரு வாயு திண்மப் பரப்பில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும்? மூலக்கூறின் பண்புகளை வைத்துக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

இலங்கைச் சிரட்டைக் கரிக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. தென்னை முக்கோணத்திலிருந்து வரும் சிரட்டையைக் கரியாக்கி, ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் நீராவி பாய்ச்சி நுண்துளைகளைத் திறந்துவிட்டால், ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு உட்பரப்புக் கொண்ட செயலூட்டிய கரி கிடைக்கிறது. கொழும்பிலிருந்து அதை ஏற்றுமதி செய்பவர்களிடம் வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “எங்கள் ஆலையில் வெளியேறும் இந்த வாயுவை உங்கள் கரி பிடிக்குமா?” அளந்து பார்த்த வாயு என்றால் பதில் கையில் இருக்கும். அளக்காத வாயு என்றால் இரண்டு வழிகள்தான்: கருவியில் ஏற்றி நாட்கணக்கில் அளப்பது, அல்லது மூலக்கூறின் பண்புகளைப் பார்த்து முன்கூட்டியே ஒரு மதிப்பீட்டுக்கு வருவது.

இந்த வழிகாட்டி இரண்டாவது வழியைப் பற்றியது. க.பொ.த. உயர்தர இரசாயனம் படித்த எவரும் பின்தொடரலாம். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குப் புறத்துறிஞ்சலை (வாயு திண்மப் பரப்பில் ஒட்டுவதை)த் தெரிவு செய்தவர்களுக்கும், ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து “ஏன் இந்த வாயு மட்டும் நிற்கவில்லை?” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கும் கூடுதலாகப் பயன்படும். கணிப்பான் ஒன்று போதும். கணினி முறைகள் கடைசியில் வருகின்றன.

அடிப்படைக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயுவுக்கென்று தனியாக ஓர் “ஒட்டும் குணம்” கிடையாது. இரு கை தட்டினால்தான் ஓசை. மூலக்கூறின் எந்தப் பண்புக்கு அந்தப் பரப்பால் பதில் கொடுக்க முடியும் என்பதே முழுக் கேள்வியும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியை வெவ்வேறு பரப்புகளிடம் கேட்பவைதான்.

படி 1: எதைக் கணிக்கப் போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

“எவ்வளவு பலமாக” என்பதும் “எவ்வளவு அதிகமாக” என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒட்டுச்சக்தி: ஒரு மூல் வாயு, இன்னும் வெறுமையாக இருக்கும் பரப்பில் அமரும்போது வெளியாகும் வெப்பம், கிலோயூலில். இரண்டாவது கொள்ளளவு: ஒரு கிராம் திண்மம் குறித்த அமுக்கத்தில் எத்தனை மில்லிமூல் பிடிக்கிறது என்பது. கொள்ளளவில் நுண்துளைகளின் கனவளவு, வெப்பநிலை, அமுக்கம் எல்லாம் கலந்துவிடும். மூலக்கூறின் பண்புகளிலிருந்து நேரடியாகக் கணிக்கக்கூடியது ஒட்டுச்சக்திதான். அங்கே தொடங்கி மற்றதற்குப் போக வேண்டும்.

சக்தியில் வரும் சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்ந்த அமுக்கத்தில் பிடிக்கப்படும் அளவு அமுக்கத்துக்கு நேர்விகிதமானது. அந்த விகித மாறிலியே ஹென்றி மாறிலி. அது ஒட்டுச்சக்தியின் அடுக்குக்குறியாக ஏறும். 300 கெல்வினில் மூலுக்கு 5.7 கிலோயூல் கூடினால் மாறிலி பத்து மடங்காகும். ஒரேயொரு கிலோயூல் பிசகினாலே விடை ஏறத்தாழ 50 சதவீதம் விலகும். எனவே “எது முந்தும், எது பிந்தும்” என்ற வரிசையை நம்பிக்கையோடு சொல்லலாம். மில்லிமூல் கணக்கை இரண்டு தசமதானம் வரை சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 2: திண்மத்தை இனம் பிரியுங்கள்

மூன்று இனங்கள் போதும். ஒன்று, மின்னேற்றம் அற்ற, முனைவற்ற பரப்பு: காரீயம் (பென்சிலில் உள்ள காபன், கிராபைட்டு), செயலூட்டிய கரி. இரண்டு, வெளியே அயன்கள் தெரியும் பரப்பு: சியோலைட்டு (நுண்துளைகள் கொண்ட அலுமினியச் சிலிக்கேற்று), உலோக ஒட்சைட்டுகள், ஓரளவுக்குச் சிலிக்கா ஜெல். மூன்று, உலோகம்: பிளாற்றினம், நிக்கல், பலேடியம். முதலாவதுக்குக் கலைவு விசை (இலத்திரன் முகில்களின் கணநேர நெளிவால் வரும் வலுக்குறைந்த ஈர்ப்பு) மட்டுமே தெரியும். இரண்டாவதுக்கு மின்புலமும் தெரியும். மூன்றாவது இலத்திரன்களையே பகிர்ந்துகொள்ளும். சிரட்டைக் கரியின் துளை விளிம்புகளில் ஒட்சிசன் அணுக்கள் ஒட்டியிருப்பதால் அது முதல் இனத்திலிருந்து இரண்டாவதை நோக்கிச் சற்றே சாய்ந்தது. இந்தச் சாய்வு நீராவி விடயத்தில் முக்கியமாகும்.

படி 3: மூலக்கூறுக்கு ஓர் அட்டை எழுதுங்கள்

ஒவ்வொரு வாயுவுக்கும் இவை வேண்டும்: முனைவாகுதன்மை, விட்டம், இருமுனைவுத் திருப்புதிறன், நான்முனைவுத் திருப்புதிறன், கொதிநிலை, அவதி வெப்பநிலை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது). முனைவாகுதன்மை என்பது இலத்திரன் முகில் எவ்வளவு எளிதில் நெளியும் என்பதன் அளவு. கன அங்ஸ்ரத்தில் தருவார்கள். ஈலியத்துக்கு 0.2, ஐதரசனுக்கு 0.8, ஒட்சிசனுக்கு 1.58, ஆகனுக்கு 1.64, நைதரசனுக்கு 1.74, மெதேனுக்கு 2.6, காபனீரொட்சைட்டுக்கு 2.9, செனனுக்கு 4.0. நீருக்கு வெறும் 1.45 என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள், ஆகனைவிடவும் குறைவு.

நான்முனைவைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் உயர்தரத்தில் அது வருவதில்லை. காபனீரொட்சைட்டின் இருமுனைவு பூச்சியம் என்று எழுதிவிட்டு அதை “முனைவற்றது” என்று பெட்டிக்குள் போட்டுவிடுவோம். ஆனால் அதன் இரு முனைகளிலும் ஒட்சிசன் மறையேற்றமும் நடுவில் காபன் நேரேற்றமும் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இவை ஒன்றையொன்று நீக்கிவிடும். ஓர் அயனுக்கு அருகே வந்தால் நீக்காது. நைதரசனுக்கும் இது உண்டு, காபனீரொட்சைட்டின் மூன்றிலொரு பங்கு அளவில். ஒட்சிசனுக்கு மிகச் சிறிது. ஆகனுக்கு இல்லவே இல்லை.

படி 4: கரி என்றால் முதலில் அவதி வெப்பநிலையால் வரிசைப்படுத்துங்கள்

பழைய பௌதிக இரசாயனப் பாடநூல்களில் மீண்டும் மீண்டும் அச்சாகும் ஓர் அட்டவணை உண்டு: 15 பாகை செல்சியசில் ஒரு கிராம் கரி எத்தனை கன சென்ரிமீற்றர் வாயுவைப் பிடிக்கிறது என்பது. கந்தகவீரொட்சைட்டு 380, குளோரீன் 235, அமோனியா 181, ஐதரசன் சல்பைட்டு 99, காபனீரொட்சைட்டு 48, மெதேன் 16, காபனோரொட்சைட்டு 9, ஒட்சிசனும் நைதரசனும் தலா 8, ஐதரசன் ஏறத்தாழ 5. பக்கத்தில் அவதி வெப்பநிலைகளைக் கெல்வினில் எழுதிப் பாருங்கள்: 430, 417, 406, 373, 304, 191, 134, 155, 126, 33. கடைசி வரிசையில் ஒட்சிசன் மட்டும் ஓர் இடம் தவறி நிற்கிறது. மற்றவை ஒழுங்காக இறங்குகின்றன.

காரணம் எளிது. வாயுவைத் திரவமாக்கும் விசையும் கரியில் ஒட்டவைக்கும் விசையும் பெரும்பாலும் ஒரே கலைவு விசைதான். பிரிட்ஸ் இலண்டன் 1930இல் விளக்கிய அந்த விசை முனைவாகுதன்மையோடு ஏறுகிறது. ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கலாம். ஜேம்ஸ் டூவார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரவ வளியில் குளிர்வித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கொண்டு வெற்றிடம் உண்டாக்கியபோதும், மற்ற வாயுக்கள் கரிக்குள் போய்விட ஈலியம் வெளியே தங்கியது இதனால்தான்.

இந்த விதியின் நடைமுறைப் பயன் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பட்டறைகளில் தெரியும். முகமூடியில் பொருத்தும் கரி வடிகட்டிக்கு ஐரோப்பியத் தரத்தில் ஒரு கோடு உண்டு: கொதிநிலை 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சேதன ஆவிகளுக்குக் கபில நிற ‘ஏ’ வகை, அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு ‘ஏஎக்ஸ்’ என்ற வேறு வகை. தொலுயீன் 111 பாகையில் கொதிக்கிறது. முதல் வகை தாங்கும். அசற்றோன் 56 பாகையில் கொதிக்கிறது. அதே வடிகட்டியை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஐஸ் ஆலைகளில் பயன்படும் அமோனியாவுக்கோ பச்சை நிறக் ‘கே’ வகை வேண்டும். அதில் உள்ளது அமோனியாவோடு தாக்கம் புரியும் பொருள் ஊட்டிய கரி.

விதி உடையும் இடம் நீர். அவதி வெப்பநிலை 647 கெல்வின் என்பதால் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டும். சுத்தமான கரிப் பரப்பிலோ, தாழ்ந்த அமுக்கத்தில், நீர் கிட்டத்தட்ட ஒட்டுவதே இல்லை. நீரின் உயர்ந்த கொதிநிலை ஐதரசன் பிணைப்பால் வந்தது. அந்தப் பிணைப்புக்குக் கரியிடம் பதில் இல்லை. கரி பார்ப்பது 1.45 என்ற முனைவாகுதன்மையை மட்டும். அமோனியாவும் இதே இனம், வீரியம் குறைவு. அட்டவணையில் அது உயரே நிற்பதற்குக் கரியின் ஒட்சிசன் தொகுதிகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே இந்தப் படிக்கு ஒரு நிபந்தனை போடுங்கள்: ஐதரசன் பிணைப்பு உண்டாக்கும் மூலக்கூறுக்குக் கொதிநிலையை நம்பாதீர்கள், முனைவாகுதன்மையை மட்டும் பாருங்கள்.

படி 5: கரிக்கு எண் போடுங்கள்

வரிசை போதாது, எண் வேண்டும் என்றால் லெனாட்-ஜோன்ஸ் அழுத்தச்சக்தியை (இரு துணிக்கைகளின் ஈர்ப்பும் தள்ளலும் தூரத்தோடு மாறுவதைத் தரும் சமன்பாடு) பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு வாயுவுக்கும் இரண்டு எண்கள் அட்டவணைகளில் கிடைக்கும்: ஈர்ப்புக் குழியின் ஆழம் (கெல்வினில்), விட்டம் (அங்ஸ்ரத்தில்). காரீயத்தின் காபனுக்கு 28 கெல்வினும் 3.40 அங்ஸ்ரமும் வழக்கம். இரண்டையும் கலக்க, ஆழங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். விட்டங்களுக்குச் சராசரி எடுங்கள்.

காரீயத் தளம் முழுவதையும் தனித்தனி அணுவாகக் கூட்டத் தேவையில்லை. 1973இல் வில்லியம் ஸ்ரீல் அந்தக் கூட்டலை ஒரு சுருக்கமான சமன்பாடாக்கினார். அதில் தள இடைவெளி 3.35 அங்ஸ்ரம், காபன் அணு அடர்த்தி கன அங்ஸ்ரத்துக்கு 0.114 என்று பிரதியிட்டு, மிகத் தாழ்ந்த புள்ளியை எடுத்தால், கணிப்பானில் அடிக்கத்தக்க ஒரு வரி கிடைக்கிறது:

ஒட்டுச்சக்தி (மூலுக்குக் கிலோயூல்) ≈ 0.073 × வாயுவின் ஆழத்தின் வர்க்கமூலம் × கலப்பு விட்டத்தின் வர்க்கம்

மெதேனைப் போட்டுப் பார்ப்போம். ஆழம் 148 கெல்வின், விட்டம் 3.73 அங்ஸ்ரம். வர்க்கமூலம் 12.17. கலப்பு விட்டம் 3.73க்கும் 3.40க்கும் சராசரி, அதாவது 3.565, அதன் வர்க்கம் 12.71. மூன்றையும் பெருக்கினால் 11.3 கிலோயூல். காரீயத்தில் பரிசோதனை தரும் பெறுமானம் 12.5 அளவில் இருக்கிறது. ஒரு வரிக் கணக்குக்கு இது மோசமில்லை.

அதே வரியில் ஆகன் (119.8 கெல்வின், 3.405 அங்ஸ்ரம்) 9.2 தருகிறது, அளவீடு 9.5ஐ ஒட்டியது. செனன் (221 கெல்வின், 4.10 அங்ஸ்ரம்) 15.3, அளவீடு 15.6. ஈலியம் 2.1 என்று வரும், உண்மையில் 1.2 தான், ஏனென்றால் அவ்வளவு இலேசான அணு சொட்டுப் பொறிமுறைப்படி (குவாண்டம் விதிகளின்படி) குழியின் அடியில் சும்மா இருக்காது. நைதரசனுக்கு 9.0 வரும், அளவீடு 10. காபனீரொட்சைட்டுக்கு 13.7 வரும், அளவீடு 17 அளவில். கடைசி இரண்டிலும் கணக்குக் குறைவாக வருவதன் காரணம் ஒன்றே: நாம் மூலக்கூறை உருண்டை என்று எடுத்தோம், ஆனால் நீண்ட மூலக்கூறு தளத்தில் படுத்துக்கொள்ளும். படுத்தால் ஒவ்வோர் அணுவும் பரப்பைத் தொடும். நீள மூலக்கூறுகளுக்கு இந்த வரி தருவதைக் கீழெல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வோர் அணுவுக்கும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஆகனிலிருந்து செனனுக்குப் போகும்போது முனைவாகுதன்மை இரண்டரை மடங்காகிறது, ஒட்டுச்சக்தி 1.6 மடங்கு மட்டுமே. முனைவாகுதன்மைக்கு எதிராக வரைபு வரைந்து நேர்கோடு தேடுபவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். பெரிய அணு பரப்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் நிற்க முடியும்; நெளியும் முகிலால் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதியைத் தூரம் தின்றுவிடுகிறது.

படி 6: துளையின் அகலத்தைச் சேருங்கள்

இதுவரை போட்டது திறந்த தளத்துக்கான கணக்கு. சிரட்டைக் கரியின் துளைகளோ பெரும்பாலும் இரண்டு நனோமீற்றருக்கும் குறைந்தவை. மூலக்கூறு ஒரு பிளவுக்குள் நுழையும்போது இரு சுவர்களும் சேர்ந்து இழுக்கின்றன. அகலம் சரியாகப் பொருந்தினால் ஒட்டுச்சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். துளை ஒரு நனோமீற்றருக்கு மேல் விரிந்துகொண்டே போனால் இந்தச் சலுகை விரைவில் மறையும். சிரட்டைக் கரியின் மதிப்பு இந்தக் குறுகிய துளைகளில்தான் இருக்கிறது; பெரிய துளைகள் அதிகமுள்ள மரக் கரி, பெரிய நிற மூலக்கூறுகளைத் திரவத்திலிருந்து நீக்க நல்லது, சிறிய வாயுக்களுக்கு அவ்வளவு இல்லை.

இரண்டு மடங்கு என்பது உச்சவரம்பும்கூட. அது சில ஆசைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும். ஐதரசன் காரீயத்தில் மூலுக்கு 5 கிலோயூல் அளவில் ஒட்டுகிறது. சாதாரண வெப்பநிலையில் ஏற்றி இறக்கும் சேமிப்புத் தாங்கிக்கு ஏறத்தாழ 15 கிலோயூல் வேண்டும் என்று பாட்டியாவும் மயர்சும் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தை இரட்டித்தாலும் பத்து. எனவே “எங்கள் கரியில் அறை வெப்பநிலையில் ஐதரசனைச் சேமிக்கலாம்” என்ற ஆய்வு முன்மொழிவு வந்தால், மேலே படிப்பதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். மெதேனுக்கு அதே கணக்கு 19 கிலோயூல் அளவைத் தருகிறது. குறுகிய துளைக்குள் மெதேனின் ஒட்டுச்சக்தி அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே மெதேன் சேமிப்பு என்பது நியாயமான முயற்சி.

படி 7: சியோலைட்டு என்றால் மின்புலத்தைக் கேளுங்கள்

2021இல் கொரோனா அலையின்போது ஒட்சிசன் செறிவாக்கி என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது சியோலைட்டு மணிகள். வளியை அழுத்தி உள்ளே அனுப்பினால் மணிகள் நைதரசனைப் பிடித்துக்கொள்கின்றன. ஒட்சிசன் வெளியே வருகிறது.

படி 4இன் விதியை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். ஒட்சிசனின் கொதிநிலை 90 கெல்வின், நைதரசனின் கொதிநிலை 77. முனைவாகுதன்மைகள் கிட்டத்தட்டச் சமம். கரியில் இரண்டும் தலா 8 கன சென்ரிமீற்றர் என்று சமமாக நின்றதைக் கண்டோம். சியோலைட்டில் சோடியம் அல்லது இலிதியம் அயன்கள் துளைக்குள் திறந்து நிற்கின்றன. அவற்றின் மின்புலம் நைதரசனின் நான்முனைவைப் பற்றிக்கொள்கிறது. ‘13எக்ஸ்’ வகையில் நைதரசனுக்கு மூலுக்கு 18 முதல் 20 கிலோயூல், ஒட்சிசனுக்கு 13 முதல் 15. ஐந்து கிலோயூல் வித்தியாசம்; அது போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல செறிவாக்கியும் 95, 96 சதவீதத்துக்கு மேல் போகாது. மீதி ஆகன். நான்முனைவு இல்லை, முனைவாகுதன்மை 1.64, ஒட்சிசனோடு ஏறத்தாழ ஒரே எண். சியோலைட்டால் இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. வளியில் உள்ள ஒரு சதவீத ஆகன் ஒட்சிசனோடு சேர்ந்தே வெளியே வந்து செறிவடைகிறது. அட்டையிலுள்ள இரண்டு எண்களைப் பார்த்தே இதைக் கருவி வாங்குமுன் சொல்லியிருக்கலாம்.

காபனீரொட்சைட்டு இதே மணியில் 40 முதல் 50 கிலோயூல் வரை போகும். கரியில் நைதரசனுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சிறிது. இங்கே மூன்று மடங்கு நான்முனைவு வேலை செய்கிறது. புகைக்குழாய் வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்கச் சியோலைட்டை நாடுவது அதனால்தான். ஆனால் பிடித்ததை விடுவிக்கவும் சக்தி வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பிறகு சூடாக்கும் செலவைப் பார்த்து வியப்பார்கள்.

படி 8: கொழும்பில் வேலை செய்கிறீர்கள் என்றால் நீராவியை மறக்காதீர்கள்

இந்தப் படி ஐரோப்பியப் பாடநூல்களில் அடிக்குறிப்பாகவே இருக்கும். இங்கே அது தலைப்பாக வேண்டும். 30 பாகை செல்சியசில் நீரின் நிரம்பல் ஆவியமுக்கம் 4.2 கிலோபஸ்கால். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் வளியில் நீராவியின் அமுக்கம் 3.4. வளியிலுள்ள காபனீரொட்சைட்டின் அமுக்கமோ 0.04 அளவுதான். போட்டி தொடங்கும் முன்பே நீர் 80 மடங்கு முன்னால் நிற்கிறது.

சியோலைட்டில் நீரின் ஒட்டுச்சக்தி 70 கிலோயூலுக்கும் மேல். காபனீரொட்சைட்டைவிட 20 கிலோயூலாவது அதிகம்; படி 1இன் கணக்குப்படி அது மூன்று தடவைக்கு மேல் பத்தால் பெருக்குவதற்குச் சமம். புதிதாக உலர்த்திய மணிகள் ஐந்தாறை உள்ளங்கையில் வைத்து ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். நொடியில் சூடு ஏறிக் கையை உதற வைக்கும். அந்தச் சூடுதான் ஒட்டுச்சக்தி. அதிகம் எடுத்தால் கை சுடும், ஆகவே ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். அதே துளியைச் சிரட்டைக் கரி மணிகள் மேல் விட்டால் சீறும் சத்தமும் சிறு குமிழ்களும் வரும். துளைகளில் இருந்த வளி இடம் பெயர்கிறது. சூடு பெரிதாகத் தெரியாது.

கரி நீரிடமிருந்து தப்பிவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். ஒட்சிசன் தொகுதிகளைச் சுற்றி முதலில் ஓரிரு நீர் மூலக்கூறுகள் அமர்கின்றன. பிறகு நீர் நீரையே பிடித்துக்கொண்டு கொத்தாக வளர்கிறது. ஈரப்பதன் பாதியைத் தாண்டும்போது துளைகள் சட்டென்று நிரம்பும். கொழும்பின் சாதாரண நாளில் ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலேதான். எனவே உலர்ந்த வாயுவுக்குப் போட்ட எண்ணை இங்கே அப்படியே கொடுக்க முடியாது. பலமாக ஒட்டும் தொலுயீன் போன்றவை நீரைத் தள்ளி இடம் பிடிக்கும். கொதிநிலை தாழ்ந்தவை தோற்கும். மாதிரியைத் திறந்த கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பழக்கமும் இங்கே ஒத்துவராது.

படி 9: உலோகம் என்றால் இந்த எண்களை ஓரமாக வையுங்கள்

காபனோரொட்சைட்டும் நைதரசனும் இரட்டையர் மாதிரி: இரண்டிலும் 14 இலத்திரன்கள், கொதிநிலைகள் 82, 77 கெல்வின், முனைவாகுதன்மைகள் 1.95, 1.74. கரியில் 9, 8. பிளாற்றினத்தில் காபனோரொட்சைட்டு நூறு கிலோயூலுக்கு மேல் வெளிவிட்டு இறுக்கமாகப் பிணைகிறது. நைதரசன் அருகே வந்து போகிறது. இது இரசாயனப் புறத்துறிஞ்சல். இங்கே கேட்கவேண்டியது மூலக்கூறின் உச்ச நிரம்பிய, தாழ்ந்த வெற்று ஒபிற்றல்களின் சக்தி, உலோகத்தின் டி-பட்டை (அதன் டி ஒபிற்றல்கள் சேர்ந்து உண்டாக்கும் சக்திப் பட்டை) எங்கே இருக்கிறது என்பன. 1995இல் ஹாமரும் நோஸ்கோவும் வகுத்த டி-பட்டை மாதிரி இதற்கான தொடக்கம். கணிப்பானால் ஆகாது, கணினி வேண்டும்.

படி 10: சக்தியிலிருந்து அளவுக்குப் போங்கள்

ஒட்டும்போது மூலக்கூறு சுதந்திரத்தை இழக்கிறது, எந்திரப்பி குறைகிறது. தட்டையான பரப்புகளுக்குக் கேம்பலும் செல்லர்சும் 2012இல் ஓர் எளிய தொடர்பைக் கண்டார்கள்: ஒட்டிய மூலக்கூறின் எந்திரப்பி, வாயு நிலை எந்திரப்பியின் 0.70 பங்கிலிருந்து வாயு மாறிலியின் 3.3 மடங்கைக் கழித்த அளவு. மெதேனுக்கு வாயு நிலையில் 186 யூல். 0.70ஆல் பெருக்கினால் 130, அதில் 27 கழித்தால் 103. இழப்பு 83 யூல். ஒட்டுச்சக்தி 12,500 யூலை 83ஆல் வகுத்தால் 150 கெல்வின். நியம அமுக்கத்தில் மெதேன் காரீயத் தளத்தில் நிலைத்து நிற்க அதற்குக் கீழே குளிர வேண்டும். அறை வெப்பநிலையில் துளைகளின் உதவியில்லாமல் ஆகாது என்பது இப்போது எண்ணாகவே தெரிகிறது.

பலத்தையும் வேகத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். காபன் மூலக்கூற்றுச் சல்லடைகளில் (மூலக்கூறளவு வாயில்கள் கொண்ட கரி) ஒட்சிசனும் நைதரசனும் கிட்டத்தட்டச் சம பலத்தோடுதான் ஒட்டுகின்றன. இருந்தும் வளியிலிருந்து நைதரசன் தயாரிக்க அவை பயன்படுகின்றன. ஒட்சிசனின் விட்டம் 3.46 அங்ஸ்ரம், நைதரசனின் விட்டம் 3.64. குறுகிய வாயிலில் முன்னது முந்தி நுழைந்துவிடுகிறது. ஒட்டுச்சக்திக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைக் காட்டாது.

படி 11: கணினி, பிறகு அளவீடு

அடர்த்திச் சார்புக் கோட்பாட்டு (இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைக் கணிக்கும் முறை, DFT) மென்பொருள் கிடைத்தால், கலைவு விசைத் திருத்தம் போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். திருத்தம் இல்லாத வழக்கமான சார்புகள் காரீயத்தில் மெதேனைக் கிட்டத்தட்ட ஒட்டவே விடாது. கிரிம்மேயின் 2010 திருத்தம் போன்ற ஒன்றைச் சேர்த்த பிறகுதான் விடை நம்பத்தக்கது. எக்செல் தாளில் பல வாயுக்களுக்குப் பின்னடைவுக் கோடு போடுபவர்கள் முனைவற்றவை, நான்முனைவு உள்ளவை, ஐதரசன் பிணைப்பு உள்ளவை என்று பிரித்துத் தனித்தனிக் கோடு போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் நீர் ஒன்றே கோட்டைச் சாய்த்துவிடும். இயந்திரக் கற்றல் மாதிரிகளுக்கும் இதுவே பொருந்தும்: பயிற்சித் தரவில் கரி மட்டும் இருந்தால் அது சியோலைட்டைப் பற்றி உறுதியான குரலில் தவறாகவே பேசும்.

கணித்த எண்ணைச் சோதிக்க இரண்டு வெப்பநிலைகளில் அளந்தால் போதும். பனிக்கட்டித் தொட்டி 0 பாகை தரும். நீர்த்தொட்டியை 30 பாகையில் நிறுத்துவது நம் ஆய்வுகூடங்களில் எளிது. ஒரே அளவு வாயு ஏற இரண்டிலும் எவ்வளவு அமுக்கம் தேவை என்று பாருங்கள். சூடான தொட்டிக்கு மூன்று மடங்கு அமுக்கம் வேண்டியிருந்தால், மூன்றின் இயற்கை மடக்கையை 8.314ஆல் பெருக்கி, இரு வெப்பநிலைகளின் நிகர்மாற்று வேறுபாடான 0.000362ஆல் வகுங்கள், மூலுக்கு 25 கிலோயூல் வரும். இதைக் குறைந்த ஏற்றத்தில் செய்யுங்கள். ஏற்றம் கூடக் கூட நல்ல இடங்கள் முதலில் நிரம்பி, வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் எடுத்த எண்ணை வெறும் பரப்புக்குப் போட்ட கணக்கோடு ஒப்பிட முடியாது. கணிப்பைவிட அளவீடு மிக உயர்ந்து வந்தால் மாதிரியில் ஒட்சிசன் தொகுதிகளோ நீங்கள் எண்ணியதைவிடக் குறுகிய துளைகளோ இருக்கின்றன. தாழ்ந்து வந்தால், பெரும்பாலும் மாதிரி சரியாக உலரவில்லை: கரியை வெற்றிடத்தில் 150 பாகைக்கு மேலும், சியோலைட்டை 300 பாகைக்கு மேலும் இரவு முழுவதும் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.